வீட்டின் விசை யார் கையில்? – தொலைவிலிருந்து வீட்டை இயக்கிய வரலாறு

ஆசிரியர்களுக்கும் பெற்றோர்களுக்கும் பயன்படும் என எண்ணியே இக்கட்டுரையை எழுதுகிறேன். ஆயினும், எழுதத் தூண்டியது என் சொந்தக் குடும்பத்தில் நடந்த ஒரு நிகழ்ச்சி. அதிலிருந்தே தொடங்குகிறேன்.

என் தாயாருக்கு வயது 74. அப்பா மறைந்த பிறகு சுங்கை சிப்புட்டில் தனியாக வாழ்கிறார். நானோ ஜொகூரில் பணியாற்றுகிறேன். எங்களோடு வந்திருக்கும்படி பலமுறை அழைத்தும் அவர் இசையவில்லை. சென்ற ஆண்டு ஒருநாள் காலையில் குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டார். எழ முடியாமல் இரண்டு மணி நேரம் தரையிலேயே கிடந்திருக்கிறார். வாசல் கதவு திறக்கப்படாததையும் நாளிதழ் வெளியிலேயே கிடப்பதையும் கண்ட பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மாதான் ஆள் கூட்டி வந்து காப்பாற்றினார். நல்லவேளையாக எலும்பு முறியவில்லை.

அந்த இரண்டு மணி நேரம் என்னை உறங்கவிடவில்லை. பள்ளி விடுமுறையில் ஊருக்குச் சென்று கூடத்தில் ஒரு படக்கருவியைப் பொருத்தினேன். வாசல் விளக்கு, கூடத்து விளக்கு, மின்விசிறி ஆகியவற்றைத் திறன்பேசி வழியாக இயக்கும் விசைகளையும் மாட்டினேன். ஆறு மணி நேரப் பயணத் தொலைவிலிருந்து அம்மாவின் வீட்டை என் உள்ளங்கையில் வைத்துக் கொண்டேன் என்று பெருமிதம் அடைந்தேன்.

ஒருநாள் மாலையில் புறப்பாட நடவடிக்கை முடிந்து ஆசிரியர் அறையில் அமர்ந்திருந்தேன். திறன்பேசியைத் திறந்து பார்த்தபோது அம்மாவின் வீடு இருட்டாகத் தெரிந்தது. உடனே வாசல் விளக்கையும் கூடத்து விளக்கையும் போட்டுவிட்டேன். அங்கே நடந்தது வேறு. அம்மா சாமி மேடையில் விளக்கேற்றிவிட்டு, அந்த வெளிச்சத்தில் கண்மூடி அமர்ந்திருந்தாராம். ஆளில்லாமல் விளக்குகள் எரிந்ததும் மின்கம்பியில் ஏதோ கோளாறு என அஞ்சி, மூல விசையையே இறக்கிவிட்டார். பக்கத்து வீட்டுப் பிள்ளை வந்து சரிசெய்யும்வரை வீடு முழுவதும் இருள். இரவில் என்னை அழைத்து ஒரே ஒரு கேள்வி கேட்டார்:

"ஏம்மா, என் வீட்டு விளக்க நீ ஏன் அங்கேருந்து போடுற? எனக்குக் கையில்லையா?"

மறுநாள் படக்கருவியின்மேல் அவருடைய துண்டு தொங்கியது.

ஒரு வார காலம் எனக்குக் கோபம் அடங்கவில்லை. உங்கள் நன்மைக்காகச் செய்ததற்கா இந்தப் பேச்சு என்று மனம் குமைந்தது. பிறகு, ஆசிரியர்களுக்கே உரிய பழக்கத்தால், இந்தக் கருவிகள் எங்கிருந்து வந்தன, எவ்வாறு வளர்ந்தன என்று தேடிப் படிக்கலானேன். படிக்கப் படிக்க, அம்மா கேட்டது வெறும் சினத்தில் பிறந்த கேள்வியன்று என்பது விளங்கியது. தொலைவிலிருந்து இயக்கும் கலையின் வரலாறு முழுவதிலும் அந்தக் கேள்வியே ஒளிந்திருக்கிறது. விசை நீண்டபோதெல்லாம், அழைக்கப்படாத ஒரு கை அதன்மேல் வந்து விழுந்திருக்கிறது!

தண்ணீரில் ஒரு படகு

1898-ஆம் ஆண்டு. நியூயார்க் நகரின் மேடிசன் ஸ்குவேர் கார்டன் அரங்கில் மின்பொருள் கண்காட்சி ஒன்று நடந்தது. நிகோலா டெஸ்லா அங்கே ஒரு நீர்த்தொட்டியில் சிறிய இரும்புப் படகை மிதக்க விட்டார். படகுக்கும் அவருக்கும் இடையே கம்பி இல்லை, கயிறு இல்லை. வானொலி அலைகளை அனுப்பியே படகைத் திருப்பினார், விளக்குகளை எரியவைத்தார். அதே ஆண்டு நவம்பர் 8-ஆம் நாள் அக்கண்டுபிடிப்புக்கு அமெரிக்கக் காப்புரிமையும் பெற்றார். தொடாமலே ஒரு பொருளை ஏவ முடியும் என்பதைப் பொதுமக்கள் கண்ணால் கண்ட நாள்களுள் அதுவும் ஒன்று.

அந்த வித்தை வீட்டுக்குள் நுழைய அரை நூற்றாண்டு ஆனது. அமெரிக்காவின் செனித் நிறுவனம் 1950-இல் தொலைக்காட்சிக்கான தொலையியக்கி ஒன்றை விற்றது. அதற்கு 'லேசி போன்ஸ்' என்று பெயர்; சோம்பேறி என்று பொருள்! ஆனால், அது நீண்ட கம்பியால் தொலைக்காட்சியோடு இணைக்கப்பட்டிருந்தது. கம்பி காலைத் தடுக்கும் என்பதால், 1955-இல் அந்நிறுவனத்தின் யூஜீன் போலி என்பவர் ஒளிக்கற்றையால் இயங்கும் 'பிளாஷ்மேட்டிக்' கருவியை உருவாக்கினார். கைவிளக்கைப் போல் தொலைக்காட்சியின் மூலையை நோக்கி ஒளியைப் பாய்ச்சினால் அலைவரிசை மாறும்.

இங்கேதான் முதல் அழையா விருந்தாளி வருகிறார். சன்னல் வழியே விழுந்த சூரிய ஒளியும் அந்தத் தொலைக்காட்சியை இயக்கத் தொடங்கியது! தன்னை ஏவுபவர் வீட்டுக்காரரா, கதிரவனா என்று அந்தப் பெட்டிக்குத் தெரியவில்லை. ஆகவே, 1956-இல் ராபர்ட் அட்லர் மீயொலி முறையைக் கொண்டுவந்தார். பொத்தானை அழுத்தினால் உள்ளே ஒரு சிறு சுத்தி அலுமினியக் கம்பியைத் தட்டும். மனிதச் செவிக்கு எட்டாத அந்த ஒலியைத் தொலைக்காட்சி கேட்டுப் பணிந்தது. மின்கலமே தேவைப்படாத அம்முறை பல ஆண்டுகள் நிலைத்தது.

கணினி வீட்டுக்கு வந்த கதை

1966-இல் பிட்ஸ்பர்க் நகரில் வெஸ்டிங்ஹவுஸ் நிறுவனத்தின் பொறியாளர் ஜிம் சதர்லாந்து, மிஞ்சிய உதிரிப் பாகங்களைக் கொண்டு தம் வீட்டிலேயே 'எக்கோ 4' என்னும் கணினியை உருவாக்கினார். வீட்டின் வெப்பநிலையைக் கட்டுப்படுத்துவதும் கடைச் சாமான் பட்டியலைச் சேமித்து வைப்பதும் அதன் வேலைகளுள் சில. அஃது அவர் குடும்பத்துக்காகவே ஆக்கப்பட்டது, விற்பனைக்கு வரவில்லை.

மூன்று ஆண்டுகள் கழித்து, 1969-இல், நெய்மன் மார்க்கஸ் அங்காடி தன் விற்பனைக் கையேட்டில் ஹனிவெல் நிறுவனத்தின் 'சமையலறைக் கணினி'யை விளம்பரப்படுத்தியது. விலை 10,600 அமெரிக்க டாலர். சமையல் குறிப்புகளைச் சேமித்து வைக்குமாம். ஆனால், அதனோடு பேசவேண்டுமானால் சுழியத்தையும் ஒன்றையும் குறிக்கும் விசைகளைத் தட்டவேண்டும். அதைக் கற்றுக்கொள்ள இரண்டு வாரப் பயிற்சியும் விலையில் அடங்கும்! சமையலறையில் அன்றாடம் நிற்கும் பெண்ணிடம் "உனக்கு என்ன வேண்டும்?" என்று எவரேனும் முன்கூட்டிக் கேட்டிருப்பார்களா? அந்தக் கணினி ஒன்றுகூட விற்றதற்குச் சான்றில்லை.

இந்தச் செய்தியைப் படித்தபோது எனக்குச் சுருக்கென்றது. நானும் அம்மாவிடம் கேட்கவில்லையே!

சுவருக்குள் ஓடிய செய்தி

வீட்டை இயக்கும் முயற்சி சாதாரண மக்களின் கைக்கு எட்டியது 1975-இல் பிறந்த 'எக்ஸ்10' முறையால்தான். ஸ்காட்லாந்தின் கிளென்ராதஸ் ஊரிலிருந்த பிகோ எலக்ட்ரானிக்ஸ் என்ற சிறிய நிறுவனம் இதனை உருவாக்கியது. அந்நிறுவனத்தின் பத்தாவது திட்டம் என்பதாலேயே அப்பெயர். 1978-இல் அமெரிக்கக் கடைகளில் விற்பனைக்கு வந்தது.

இதன் நுட்பம் எளிமையானது, ஆனால் புத்திசாலித்தனமானது. புதிதாகக் கம்பி எதுவும் இழுக்க வேண்டியதில்லை. சுவருக்குள் ஏற்கெனவே ஓடும் மின்கம்பி வழியாகவே கட்டளைகளை அனுப்பினார்கள். மாறுதிசை மின்னோட்டம் ஒவ்வொரு சுழற்சியிலும் இருமுறை சுழியத்தைக் கடக்கும். அந்தக் கணத்தில் ஒரு சிறு துடிப்பை ஏற்றிவிட்டால், மறுமுனையில் இருக்கும் விளக்கு அதைப் படித்துக்கொள்ளும். ஒவ்வொரு வீட்டுக்கும் 16 எழுத்துகளுள் ஒன்று. ஒவ்வொரு கருவிக்கும் 16 எண்களுள் ஒன்று. ஆக மொத்தம் 256 முகவரிகள்.

ஆனால், மின்கம்பிக்கு வீட்டின் எல்லை தெரியுமா? ஒரே மின்மாற்றியிலிருந்து மின்சாரம் பெறும் இரண்டு வீட்டார் ஒரே எழுத்தைத் தேர்ந்தெடுத்துவிட்டால், இவர் பொத்தானை அழுத்தும்போது அவர் வீட்டு விளக்கு எரியக்கூடும். கட்டளை யாரிடமிருந்து வந்தது என்று கேட்கும் வழக்கமே அந்த முறையில் இல்லை. இரண்டாவது அழையா விருந்தாளி, பக்கத்து வீட்டுக்காரர்!

வெளியிலிருந்து வீட்டை இயக்கும் வழியும் விரைவில் வந்தது. அமெரிக்காவில் 1963-இல் பொத்தான் தொலைபேசி அறிமுகமாகியிருந்தது. ஒவ்வொரு பொத்தானும் இரண்டு ஒலிகளைச் சேர்த்து எழுப்பும். வீட்டுத் தொலைபேசியோடு எக்ஸ்10 கருவி ஒன்றை இணைத்துவிட்டால், வெளியூரிலிருந்து அழைத்து, எண்களை அழுத்தி விளக்கைப் போடவும் அடைக்கவும் முடிந்தது.

மின்னஞ்சல் என்னும் ஏவலாள்

1971-இல் ரே டாம்லின்சன் முதல் வலைப்பின்னல் மின்னஞ்சலை அனுப்பினார். பெயரையும் இடத்தையும் பிரிக்க '@' என்னும் குறியைத் தேர்ந்தெடுத்தவர் அவரே. சுவையான செய்தி என்னவென்றால், அந்த மடலை அனுப்பிய கணினியும் பெற்றுக்கொண்ட கணினியும் ஒரே அறையில் அருகருகே இருந்தன! பின்னாளில் கடல் கடக்கப்போகும் மடல், முதலில் ஓர் அறையின் நீளத்தைக்கூடக் கடக்கவில்லை.

1990-களின் பிற்பகுதியில், இல்லத்தில் கணினி வைத்திருந்த ஆர்வலர்கள் மின்னஞ்சலை வீட்டுக்கு ஏவலாளாக ஆக்கினார்கள். 'மிஸ்டர்ஹவுஸ்' போன்ற இலவச மென்பொருள்கள் அக்காலத்தில்தான் தோன்றின. வேலை நடந்த விதம் இதுதான். வீட்டுக் கணினி நாள் முழுவதும் விழித்திருக்கும். சில நிமிடங்களுக்கு ஒருமுறை அஞ்சல்பெட்டியைச் சென்று பார்க்கும். புதிய மடல் இருந்தால் அதன் தலைப்பைப் படிக்கும். அதில் மறைச்சொல்லும் கட்டளையும் சரியாக இருந்தால், எக்ஸ்10 கருவிக்கு ஆணையிட்டு விளக்கைப் போடும். பிறகு, "செய்து முடித்தேன்" என்று ஒரு பதில் மடலும் அனுப்பும்.

ஏன் மின்னஞ்சல்? இதனை என் மாணவர்களுக்கு இப்படி விளக்குவேன். அக்கால வீட்டுக் கணினிகள் தொலைபேசிக் கம்பி வழியே இணையத்தைத் தொட்டன. ஒவ்வொரு முறை இணையும்போதும் அவற்றின் முகவரி மாறும். நிலையான முகவரி இல்லாத வீட்டின் கதவை வெளியிலிருந்து எப்படித் தட்டுவது? ஆனால், அஞ்சல்பெட்டி ஓரிடத்தில் நிலையாக இருக்கும். வெளியூரில் இருப்பவர் அதில் மடலைப் போடுவார். வீடு தானே சென்று எடுத்துக்கொள்ளும். வெளியாள் எவரும் வீட்டுக்குள் நுழைய வேண்டியதில்லை. எவ்வளவு அழகான ஏற்பாடு!

குறைகளும் இருந்தன. மடல் உடனே போய்ச் சேரும் என்ற உறுதி இல்லை. கூடத்தைக் குளிர்விக்கச் சொன்ன மடல், நாம் வீடு திரும்பிய பிறகும் வந்து சேரலாம். அதைவிடப் பெரிய குறை, அனுப்புநர் பெயரை எளிதில் பொய்யாக எழுதிவிடலாம் என்பது. கடித உறையின் பின்புறத்தில் யார் பெயரை வேண்டுமானாலும் எழுதலாம் அல்லவா? மின்னஞ்சலை எடுத்துச் செல்வதற்கு 1982-இல் எழுதப்பட்ட விதிமுறை, அனுப்புநர் யார் என்பதைச் சோதிக்கவில்லை. மறைச்சொல்லும் மூடப்படாத அஞ்சலட்டையைப் போலவே பயணம் செய்தது. மூன்றாவது அழையா விருந்தாளி, நம் பெயரில் மடல் எழுதும் அந்நியர்.

ரொட்டியும் காப்பியும்

இதே காலத்தில் இணையத்தோடு பொருள்களை இணைக்கும் விளையாட்டுகளும் நடந்தன. 1990-இல் ஜான் ராம்கி என்பவர், ஓர் இணையக் கண்காட்சியில் ரொட்டி வாட்டும் கருவியை இணையத்தோடு இணைத்து இயக்கிக் காட்டினார். ரொட்டியை உள்ளே வைப்பதற்கு மட்டும் ஆள் வேண்டும்! மறு ஆண்டு அந்த வேலைக்கும் ஒரு சிறிய பாரந்தூக்கியை அமைத்தார்கள்.

1991-இல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகக் கணினி ஆய்வகத்தில், காப்பிக் குடுவையில் காப்பி இருக்கிறதா என்று இருக்கையிலிருந்தே பார்க்க ஒரு படக்கருவியைப் பொருத்தினார்கள். 1993-இல் அது உலகளாவிய வலைக்கும் வந்தது. எட்டு ஆண்டுகள் உலகமே அந்தக் குடுவையைப் பார்த்து மகிழ்ந்தது. 2001 ஆகஸ்டு 22-ஆம் நாள் படக்கருவி நிறுத்தப்பட்டது. குடுவைக்குக் கூச்சம் இல்லை. அதனால் யாருக்கும் தொல்லை இல்லை. ஆனால், அதே படக்கருவியை ஒரு மனிதர் வாழும் கூடத்தில் வைத்தால்?

ஒரு சுடுநீர்க் கலன் எழுதிய மடல்

இந்த வரலாற்றில் என் நெஞ்சைத் தொட்ட பகுதி இதுவே.

1996-ஆம் ஆண்டு தோக்கியோவின் இக்கெபுக்குரோ பகுதியில், நோயுற்ற மகனும் முதிய தாயும் இறந்து கிடந்தது ஏறத்தாழ ஒரு மாதம் கழித்தே கண்டுபிடிக்கப்பட்டது. ஜப்பானையே உலுக்கிய நிகழ்ச்சி அது. அன்றாடம் புழங்கும் ஒரு பொருளைக் கொண்டு முதியோரின் நலத்தை அறிய முடியாதா என்று மருத்துவர் ஒருவர் எழுப்பிய எண்ணம், சோஜிருஷி என்னும் வீட்டுப்பொருள் நிறுவனத்தை எட்டியது. நம் நாட்டு அடுக்களைகளிலும் காணப்படும் மின் சுடுநீர்க் கலன்களைச் செய்யும் நிறுவனம்தான் அது.

2001-இல் அந்நிறுவனம் 'ஐ-பாட்' என்னும் சுடுநீர்க் கலனைக் கொண்ட சேவையைத் தொடங்கியது. பார்ப்பதற்குச் சாதாரணக் கலன்தான். உள்ளே ஒரு வானொலித் தொடர்புக் கருவி இருந்தது. தனியே வாழும் தாயோ தந்தையோ தேநீருக்காகச் சுடுநீர் எடுக்கும்போது, அந்த நேரம் மட்டும் பதிவாகும். நாளுக்கு இருமுறை அந்தப் பதிவு மின்னஞ்சலாகப் பிள்ளைக்குச் செல்லும். ஜப்பானில் 1999-இலேயே கைப்பேசியில் இணைய அஞ்சல் வசதி வந்துவிட்டதால், பிள்ளைகள் எங்கிருந்தாலும் படிக்க முடிந்தது.

கலனில் ஒரு பொத்தானும் உண்டு. வெளியே செல்லும்போது முதியவர் அதை அழுத்தினால், அவர் வெளியே சென்றிருக்கிறார் என்று பிள்ளைக்குத் தெரிவிக்கப்படும். வழக்கமான நேரத்தில் கலன் தொடப்படவில்லை என்றால், பிள்ளை தொலைபேசியை எடுத்து அழைப்பார்.

சற்று எண்ணிப் பாருங்கள். இங்கே படம் இல்லை, குரல் இல்லை. பிள்ளை அங்கிருந்து எதையும் போடுவதுமில்லை, அடைப்பதுமில்லை. "அம்மா தேநீர் குடித்துவிட்டார்" என்ற ஒரே செய்திதான் வந்து சேர்கிறது. செயல் தாயுடையது, செய்தி மட்டுமே பிள்ளையுடையது. விசை தாயின் வீட்டை விட்டு நகரவே இல்லை!

திறன்பேசி வந்த பின்

2007-இல் ஐபோன் வெளிவந்தது. மறு ஆண்டு செயலிகளை விற்கும் மின்கடையும் ஆண்ட்ராய்டுத் திறன்பேசியும் வந்தன. 2011-இல் நெஸ்ட் நிறுவனத்தின் வெப்பநிலைச் சீராக்கியும் 2012-இல் பிலிப்ஸ் நிறுவனத்தின் வண்ண விளக்குகளும் கடைக்கு வந்தன. மடல் எழுதிக் காத்திருந்த காலம் போய், படத்தைத் தொட்டால் விளக்கு எரியும் காலம் வந்தது. சிங்கப்பூரும் 2014-இல் 'அறிவார்ந்த தேசம்' திட்டத்தைத் தொடங்கியது. அங்கே யூஹுவா குடியிருப்புப் பேட்டையில், முதியோரின் நடமாட்டத்தை உணர்ந்து குடும்பத்தாருக்குச் செய்தி அனுப்பும் கருவிகளும் சோதித்துப் பார்க்கப்பட்டன.

பார்வைக்குப் புதுமையாக இருந்தாலும், உள்ளே நடப்பது ஏறத்தாழப் பழைய அஞ்சல்பெட்டி முறையே. பெரும்பாலான கருவிகளில், விளக்கு தன் நிறுவனத்தின் சேவையகத்தோடு எப்போதும் தொடர்பில் இருக்கும். நம் திறன்பேசியும் அதே சேவையகத்துக்குத்தான் கட்டளையை அனுப்பும். ஆசிரியர் அறையில் நான் விளக்கைத் தொட்டபோது, என் கட்டளை எந்த நாட்டிலோ இருக்கும் ஒரு கணினிக்குச் சென்று, அங்கிருந்துதான் அம்மாவின் வாசலுக்கு வந்திருக்கும். முன்பு நடுவில் இருந்தவர் கடிதம் சுமந்த அஞ்சல்காரர். இப்போது நடுவில் இருப்பவர், கடிதத்தைப் படிப்பவரும் கூட. வேண்டாம் என்றால் கதவை மூடிவிடக்கூடியவரும் கூட.

மூடிய கதையும் உண்டு. 'ரிவால்வ்' என்பது வீட்டுக் கருவிகளையெல்லாம் இணைக்கும் ஒரு மையக் கருவி. விலை ஏறத்தாழ 300 டாலர். அந்நிறுவனத்தை 2014-இல் நெஸ்ட் வாங்கியது. 2016 மே மாதத்தில் அதன் சேவையகம் நிறுத்தப்பட்டது. பணம் கொடுத்து வாங்கியவர்களின் வீட்டிலிருந்த கருவிகள், பழுதடையாமலே உயிரிழந்தன!

அதே ஆண்டு 'மிராய்' என்னும் தீநிரல் பரவியது. தொழிற்சாலையில் வைத்த மறைச்சொல்லை மாற்றாமல் விடப்பட்ட படக்கருவிகளையும் பதிவுக் கருவிகளையும் அது தேடிப் பிடித்தது. அறுபதுக்குச் சற்றே மேற்பட்ட பெயர், மறைச்சொல் இணைகளை முயன்று பார்த்தே உலகெங்கும் இலட்சக்கணக்கான கருவிகளைத் தன்வசமாக்கியது. 2016 அக்டோபர் 21-ஆம் நாள், அத்தகைய கருவிகளின் படையே ஒரு முகவரிச் சேவை நிறுவனத்தைத் தாக்கியது. டுவிட்டர் உள்ளிட்ட பெரிய தளங்கள் பலருக்கும் மணிக்கணக்கில் கிடைக்கவில்லை. வீட்டைக் காக்க வைத்த கண், வீட்டுக்காரருக்கே தெரியாமல் வேறொருவருக்கு வேலை செய்தது.

இவை வெளியாரின் கைகள். ஆனால், மிகவும் வருத்தமான செய்தி வீட்டுக்குள்ளிருந்தே வந்தது. 2018-இல் நியூயார்க் டைம்ஸ் நாளேடு ஒரு கட்டுரை வெளியிட்டது. பிரிந்து சென்ற கணவரோ துணைவரோ தொலைவிலிருந்து வீட்டின் வெப்பநிலையை மாற்றியும், விளக்குகளை அணைத்தும், கதவின் எண்களை மாற்றியும் பெண்களை அச்சுறுத்திய நிகழ்ச்சிகள் அதில் விவரிக்கப்பட்டிருந்தன. கருவியைப் பொருத்தியவரும் மறைச்சொல்லை வைத்திருந்தவரும் அந்த ஆணே. வீட்டில் வாழ்ந்தவருக்குக் கருவியின் போக்கே தெரியாது.

இதைப் படித்த இரவில் நான் என்னையே கேட்டுக்கொண்டேன். என் எண்ணம் அன்பானது. அதில் ஐயமில்லை. ஆனால், அம்மாவின் வீட்டில் நான் அமைத்த ஏற்பாடு எப்படிப்பட்டது? கருவியைப் பொருத்தியது நான். மறைச்சொல் என்னிடம். அம்மாவுக்கு அதன் போக்குத் தெரியாது. அன்பு ஒன்றைத் தவிர மற்ற அனைத்தும் அப்படியே பொருந்தின! சூரியன், பக்கத்து வீட்டுக்காரர், கள்ள மடல் எழுதியவர், நிறுவனம், தீநிரல் என்று நீண்ட அந்தப் பட்டியலில் அழையா விருந்தாளியாக நானும் நின்றிருந்தேன்.

பெற்றோர்களுக்கும் ஆசிரியர்களுக்கும்

இதே ஆண்டு என் ஆறாம் ஆண்டு மாணவன் ஒருவன் வகுப்பில் சொன்னான்: "டீச்சர், எங்கப்பா வேல எடத்துலேருந்தே எங்க வீட்டு டிவிய அடைச்சிடுவாரு." வகுப்பே சிரித்தது. அவன் சிரிக்கவில்லை. "ஏன் அடைக்கிறாருன்னு கேட்டியா?" என்றேன். "கேக்க முடியாது டீச்சர். அவருதான் அங்க இல்லையே!" என்றான்.

பிள்ளை நெடுநேரம் தொலைக்காட்சி பார்ப்பதைத் தடுப்பது தந்தையின் கடமை. அதில் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால், எதிரில் நின்று அடைக்கும்போது பிள்ளையின் முகம் தெரியும். "இன்னும் பத்து நிமிடம்" என்று கெஞ்ச இடமிருக்கும். மறுப்பதற்கும் காரணம் சொல்ல நேரிடும். தொலைவிலிருந்து அடைத்தால் திரை இருண்டுபோவது மட்டுமே மிச்சம்.

கருவிகளே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அம்மா தரையில் கிடந்த அந்த இரண்டு மணி நேரத்தை நான் மறக்கவில்லை. ஆனால், பொருத்துவதற்குமுன் சிலவற்றை எண்ணிப் பார்ப்பது நலம். அந்த வீட்டில் வாழ்பவரிடம் கேட்டோமா? அவர் வேண்டாமென்றால் நிறுத்துவதற்கு அவர் கையிலேயே ஒரு விசை இருக்கிறதா? தொழிற்சாலை மறைச்சொல்லை மாற்றினோமா? இணையம் அறுந்தாலும் சுவரிலுள்ள விசை வேலை செய்யுமா? 2022-இல் வெளியிடப்பட்ட 'மேட்டர்' என்னும் பொதுத் தரம், வெளி நிறுவனத்தின் சேவையகத்தை நாடாமல் வீட்டுக்குள்ளேயே கருவிகள் பேசிக்கொள்ள வழிசெய்கிறது. வாங்கும்போது இத்தகைய வசதி உண்டா என்று பார்த்து வாங்கலாம்.

அடுத்த விடுமுறையில் ஊருக்குச் சென்றேன். துண்டோடு சேர்த்துப் படக்கருவியைக் கழற்றினேன். அம்மா அருகில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். ஜப்பானியச் சுடுநீர்க் கலனின் கதையைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அந்தப் புள்ளைங்களுக்குக் காலையில ஒரு போன் போடத் தெரியாதா?" என்றார். எனக்குப் பதில் வரவில்லை.

பிறகு இருவரும் அமர்ந்து பேசி முடிவெடுத்தோம். குளியலறைக்குச் செல்லும் வழியில் ஆள் நடந்தால் தானே எரியும் விளக்கு ஒன்று. அதற்கு இணையம் வேண்டாம். குளியலறைச் சுவரில் பிடிமானக் கம்பி. அடுக்களையில் அம்மா கெட்டிலைப் போடும் செருகியில் ஒரு சிறு கருவி. காலையில் அவர் கெட்டிலைப் போட்டதும் எனக்கு ஒரு குறுஞ்செய்தி வரும். அந்தச் செருகியை என் பக்கத்திலிருந்து போடவும் அடைக்கவும் முடியாதவாறு அமைப்பை மாற்றினேன். "வேணாம்னா புடுங்கிப் போட்டுறலாமா?" என்று கேட்டார். "தாராளமா" என்றேன்.

பெரும்பாலும் காலை ஆறே காலுக்குச் செய்தி வருகிறது. பள்ளி மணி அடிப்பதற்குள் அதைப் பார்த்துவிட்டுத்தான் வகுப்புக்குச் செல்கிறேன். இரண்டு வாரங்களுக்கு முன் ஒருநாள் ஏழு மணி ஆகியும் செய்தி வரவில்லை. நடுங்கும் கையோடு அழைத்தேன். முதல் மணியிலேயே எடுத்தார்.

"இன்னிக்குக் காப்பி வேணாம்னு இருந்தேன். நீ கூப்புடுறியான்னும் பார்த்தேன்" என்றார்.

அன்று ஐந்து நிமிடம் தாமதமாகத்தான் வகுப்புக்குச் சென்றேன்.